முன்னமே சொல்லியிருக்கலாமே

2017 ஜூலை மாதத்துத் திங்கட்கிழமையொன்றின் முற்பகலில், கொழும்பில் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வேலைக்கான நேர்முகப் பரீட்சையொன்றில், என் எதிரே அமர்ந்திருந்த பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா? முன்னமே சொல்லியிருக்கலாமே. வேறொரு நாள் வைத்திருப்போமே." அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையான கரிசனையோடுதான் கேட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக என்னை விடவில்லை. வேலை கிடைக்காமல் போனதை மறந்துவிட்டேன். அந்த அலுவலகம் இருந்த வீதியின் பெயர்கூட மங்கிவிட்டது. முன்னமே என்றால் எப்போது, யாரிடம், எந்தத் துணிவில் சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மங்கவில்லை.

நாங்கள் வசிக்கும் தேயிலைத் தோட்டம் மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது. அந்த ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கிக் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதன்கிழமை வீட்டுக்கு வந்தேன்; வியாழக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. அம்மா கொத்தமல்லியும் வெனிவெல் என்ற மூலிகையும் அவித்துக் கொடுத்தார். நான் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பெனடோல் குளிசை விழுங்கினேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, திங்கள் காலை ஒன்பதரைக்கு நேர்முகப் பரீட்சை என்றும் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளோடு வருமாறும் சொன்னார். "சரி மிஸ், கட்டாயம் வாறேன்" என்றேன். அப்போது என் உடம்பு நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. கண்களுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல் வலித்தது. அவர் தொலைபேசியை வைத்த பிறகு, சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. எனவே அந்தப் பெரியவர் கேட்டது எனக்கு முற்றிலும் புதிய கேள்வி அல்ல. மூன்று நாட்களுக்கு முன் நானே என்னிடம் கேட்டு, பதில் சொல்லாமல் தள்ளி வைத்த கேள்வியைத்தான் அவர் எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மேட்டுக்கு ஏறினேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அந்த நாட்களில் தொலைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. கோயில் மேட்டில்தான் இரண்டு கோடு விழும். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அழைத்த பெண்ணின் இலக்கம் கைத்தொலைபேசியில் பதிவாகி இருந்தது. ஒரு குறுஞ்செய்தியும் எழுதினேன்: மூன்று வரி. அதை நான்கு தடவை வாசித்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு இறங்கி வந்தேன். வீட்டில் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடு விட்டுருச்சு பாப்பா" என்றார். உண்மையாகவே காய்ச்சல் இறங்கியிருந்தது. உடம்பு சோர்ந்து, வயிற்றில் ஒரு பிசைவு இருந்தாலும், காய்ச்சல் இல்லையென்றால் நோய் இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். போகலாமா வேண்டாமா என்ற கேள்வியை அந்தச் சூடு விட்ட நெற்றி தீர்த்து வைத்துவிட்டது.

அது எவ்வளவு பிழையான தீர்ப்பு என்பதைச் செவ்வாய்க்கிழமை இரவு வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது தெரிந்துகொண்டேன். எனக்கு வந்திருந்தது டெங்கு. 2017 இலங்கையில் டெங்கு மிக மோசமாகப் பரவிய ஆண்டு. நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் அது வருகிறது. அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. குருதிச் சிறுதட்டுகளும் (பிளேட்லெட்) குறைந்துகொண்டே போகின்றன. 1,50,000க்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை எனக்கு 38,000 ஆக இருந்தது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, தலைசுற்றல் எல்லாம் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய அடையாளங்கள். அவை மூன்றையும் நான் அவிசாவளைக்கு முன்பே பஸ்ஸில் அனுபவித்துவிட்டேன்; பாதை வளைவினால் வந்த தொல்லை என்று நினைத்துக்கொண்டேன். குளிர்நாட்டுக்காரர்களான எங்களுக்கு டெங்கு என்பது கொழும்பு நோய். அது நம்மோடு பஸ் ஏறி மலைக்கு வரும் என்பது அப்போது எங்களுக்குப் புத்தியில் படவில்லை.

அதிகாலை இரண்டு மணிக்கு முச்சக்கரவண்டி பிடித்து ஹட்டனுக்கு இறங்கி, அங்கிருந்து கொழும்பு பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளெல்லாம் தாண்டி, புறக்கோட்டையில் இறங்கியபோது என் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் வாந்தியின் கறை இருந்தது. அதைக் கழிவறையில் கழுவி, ஈரத்தோடே போய் அமர்ந்தேன். அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி மிக எளியது: காசேட்டு (நம் பண வரவு செலவுப் புத்தக) மீதியிலிருந்து வங்கிக் கூற்று மீதிக்குப் போகும்போது, வங்கிக்குச் சமர்ப்பிக்கப்படாத காசோலைகளைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா? இந்த இரண்டு மீதிகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கி இணக்கக் கூற்று நான் நூறு தடவை செய்த கணக்கு. கூட்ட வேண்டும். காசேட்டில் நாம் ஏற்கெனவே கழித்துவிட்டோம், வங்கி இன்னும் கழிக்கவில்லை, ஆகவே வங்கி மீதி அந்த அளவு கூடுதலாக இருக்கும் என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குவளை இரண்டாகத் தெரிந்தது. "கழிக்க வேண்டும்" என்றேன், பிறகு "கூட்ட வேண்டும்" என்றேன், பிறகு மௌனமாகிவிட்டேன். அப்போதுதான் அவர் பேனாவை மூடினார்.

பேர் விழாத நாள்

அந்தக் குறுஞ்செய்தியை ஏன் அழித்தேன் என்பதற்கு நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம், கூச்சம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதியை அறிய நான் அம்மாவின் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், சொன்ன அளவு தேயிலைக் கொழுந்து எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர், போகாவிட்டால் பேரே இல்லை. 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி அப்போது நாள் சம்பளம் மொத்தமாக 730 ரூபாயாக இருந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நாளின் சம்பளம் போவதோடு நிற்கவில்லை. எல்லைக் கோட்டுக்கு அருகில் இருந்தவர்களுக்கு, வேலை செய்த மற்ற நாட்களின் 60 ரூபாய்களும் சேர்ந்து போயின. அம்மா மாதக் கடைசியில் விரல் விட்டு எண்ணியது இதைத்தான். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, காய்ச்சலோடு படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப்போன அம்மாவை வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்று பார்த்திருக்கிறேன். "நாளைக்குப் போகலாமேம்மா" என்றேன். "நாளைக்கு நாளைக்குப் பேரு. இன்னைக்குப் பேரு இன்னைக்குத்தான்" என்றார்.

இப்படி வளர்ந்த ஒருத்திக்கு, வேலை கொடுப்பவரிடம் "இன்றைக்கு முடியாது, வியாழக்கிழமை வரலாமா" என்று கேட்பது என்ன வகையான செயல் என்பதைக் கொழும்பில் வளர்ந்த என் வகுப்புத் தோழிகளுக்கு என்னால் விளக்க முடியவில்லை. அவர்களுக்கு அது ஒரு நாகரிகமான தொலைபேசி அழைப்பு. எனக்கு அது வரிசையில் இருந்து நானே விலகிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவிடம் கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார்: "கேட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க." அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் அறிந்த உலகத்தில் அது பிழையான கணிப்பே அல்ல.

எங்கள் பக்கத்தில் நோயை யாரும் காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை, சாவைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். அதனாலேயே நேர்முகப் பரீட்சைக்குப் போக முடியாத பிள்ளைகள், "பாட்டி இறந்துவிட்டார்" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். தலைவலியோ வயிற்றோட்டமோ சொன்னால் பொய் என்று நினைப்பார்கள் என்ற பயத்தில், உண்மையான நோயை மறைத்துப் பொய்யான சாவைச் சொல்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தரும் விடயம். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டதென்றால், அதற்கு முன் எத்தனை பேர் அந்த வீட்டாரை நம்பாமல் இருந்திருக்க வேண்டும்!

இன்னொன்றும் இருக்கிறது. குறுகிய நேர அறிவித்தல் என்று அலுவலகங்கள் சொல்லும்போது, எவ்வளவு குறுகியது என்பது வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தது. கொழும்பை ஒட்டிய தெஹிவளையில் இருப்பவர் காலை ஏழு மணிக்கு எழுந்து, உடம்பைப் பார்த்து, எட்டரைக்கு அலுவலகம் திறந்ததும் அழைத்துச் சொல்லலாம். நான் ஏழு மணிக்கு அவிசாவளை தாண்டியிருந்தேன். முச்சக்கரவண்டிக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்தாயிற்று. எனக்கு முடிவெடுக்க வேண்டிய நேரம் ஞாயிறு மாலை. அந்த நேரத்தில் அலுவலகம் மூடியிருக்கிறது. ஆகவே அந்தப் பெரியவரின் "முன்னமே" என்னும் சொல், அவர் அறியாமலே, திங்கட்கிழமை காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடைப்பட்ட ஒரு மணித்தியாலத்தைக் குறித்தது. அந்த ஒரு மணித்தியாலம் மலையில் இருந்து வருபவருக்குக் கிடையாது. ஆனாலும் என் கைத்தொலைபேசியில் அந்தப் பெண்ணின் இலக்கம் இருந்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. வழி முழுவதும் அடைபட்டிருக்கவில்லை.

மேசையின் இந்தப் பக்கம்

இப்போது நுவரெலியா மாவட்டத்திலேயே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக நேர்முகப் பரீட்சைகளில் மூன்றாவது கதிரை எனக்கு உரியது. குறிப்பெழுதுவதும் கணக்கியல் கேள்விகள் கேட்பதும் என் வேலை. கடந்த பெப்ரவரியில் உதவிக் கணக்காளர் இடத்துக்குப் பதினொரு பேரை அழைத்திருந்தோம். இரண்டு நாட்கள் நடந்தது.

முதல் நாள் வந்தவர்களில் ஒரு தம்பி ஏழாவது ஆள். கேள்வியைத் திரும்பக் கேட்டான். பதிலைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினான். அந்த இணக்கக் கூற்றுக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்பதுண்டு, அவனிடமும் கேட்டேன். விழித்தான். என் தாளில் "தெளிவு போதாது, தயாரிப்புக் குறைவு" என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். அவன் எழுந்து போன பிறகு, கதிரைக்கு அடியில் ஒரு சிறிய காகித உறை கிடந்தது. தோட்ட மருந்தகத்தில் குளிசை போட்டுக் கொடுக்கும் பழுப்பு நிற உறை. அதன்மேல் நீல மையில் அன்றைய திகதியும், இரண்டு கோடுகளும், "சாப்பாட்டுக்குப் பின்" என்பதும் எழுதியிருந்தன. அதாவது அவன் காலையிலேயே மருந்தகத்துக்குப் போய், மருந்து வாங்கிக்கொண்டு, நேரே எங்களிடம் வந்திருக்கிறான். நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ் போய்விட்டிருந்தது.

அந்த உறையை என் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தேன். என்னைக் கேட்ட அந்தப் பெரியவரைப் பற்றி ஏழாண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தவள், அவர் கேட்டதைக்கூட நான் கேட்கவில்லை. அவர் குறைந்தபட்சம் பேனாவை மூடினார், நான் எழுதினேன்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு என் கைத்தொலைபேசிக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தங்கை ஒருத்தி. அன்றைக்கு ஒன்பது மணிக்கு அவளுக்கு நேரம் கொடுத்திருந்தோம். செய்தி பதினான்கு வரிகள். இரவு முழுவதும் வாந்தி என்றும், வைத்தியசாலையில் சேலைன் ஏற்றியிருக்கிறது என்றும் எழுதி, வைத்தியசாலைத் துண்டின் படம் ஒன்றும், ஊசி குத்திய கையின் படம் ஒன்றும் இணைத்திருந்தாள். நான்கு இடங்களில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். "நான் பொய் சொல்லவில்லை மேடம்" என்று இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை: வேறு எந்த நாளில் வர முடியும் என்பது. வேறு நாள் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. வராமல் போவதற்கு விடுதலை கேட்டு எழுதியிருந்தாள்.

அலுவலகம் போனதும் முகாமையாளரிடம் சொன்னேன். எங்கள் குழுவில் ஒருவர், "தொடக்கத்திலேயே இப்படி என்றால் பிறகு எப்படி?" என்று சொல்லத்தான் செய்தார். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்கு முன்பே, முகாமையாளர் தன் நாட்குறிப்பின் ஒரு தாளைப் புரட்டி, தலை நிமிராமலே, "வியாழன் பத்தரை எனக்கு ஓகே. அதுக்குப் போடுங்க" என்றார். பிறகு தேநீர் கேட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு தாள் புரட்டும் நேரம். பத்து நொடிகூட ஆகவில்லை. கோயில் மேட்டில் மழைக்குள் நின்று நான் அழித்த மூன்று வரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதானா? ஒரு தாள் புரட்டுவதற்காகவா நான் 38,000 சிறுதட்டுகளோடு கொழும்புக்குப் போனேன்? எல்லா அலுவலகமும் இப்படி அல்ல என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகனுக்கு அரசாங்க ஆட்சேர்ப்புக்கு வந்த கடிதத்தில், குறித்த தினத்தில் சமுகமளிக்காதவர்களுக்கு வேறு தினம் வழங்கப்படமாட்டாது என்று அச்சிலேயே இருந்தது. அவன் மாவுக்கட்டுப் போட்ட காலோடு வேனில் போய் வந்தான். அப்படிப்பட்ட இடத்திலும் கடிதத் தலைப்பில் உள்ள கிளைக்கு ஒரு முறை அழைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம், ஆனால் அவனிடம் அதை வற்புறுத்த எனக்கு மனமில்லை. தனியார் இடங்களிலும் மறுப்பவர்கள் உண்டு. கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்களை வரவழைத்துக் குழு அமைத்திருக்கும்போது, ஒருவருக்காக இன்னொரு நாள் கூடுவது சில வேளைகளில் உண்மையிலேயே முடியாது. மறுக்கக்கூடும் என்பதால் கேட்காமலே இருந்துவிடுவதுதான் நான் செய்த பிழை. மறுத்தால் அப்போது போவதா இல்லையா என்று யோசித்திருக்கலாம். கேட்காததனால் மறுப்பையும் நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தங்கைக்கு வியாழன் பத்தரை என்று பதில் எழுதினேன். பிறகு, கேட்காமலே, இன்னும் சில வரிகள் சேர்த்தேன். இனி எங்காவது இப்படி எழுத வேண்டி வந்தால் மூன்று வரி போதும் என்றேன்: உடல்நலமில்லாததால் இன்று வர இயலவில்லை, இந்த இந்த நாட்களில் வர முடியும், சிரமத்துக்கு வருந்துகிறேன். நோயின் விவரமும் கையின் படமும் தேவையில்லை. மன்னிப்பு ஒரு தடவை போதும். இரவே தெரிந்தால் இரவே அனுப்பிவிட்டு, அலுவலகம் திறந்ததும் ஒரு முறை அழைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். தடிமனுக்கும் இலேசான தலையிடிக்கும் கேட்க வேண்டாம், போய்விட வேண்டும். ஆனால் காய்ச்சல் மூன்று நாள் நீடித்திருந்தால், அது விட்டிருந்தாலும், முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் பஸ். கடைசி வரியை அவளுக்காக எழுதவில்லை என்பது அனுப்பிய பிறகுதான் புரிந்தது.

பழுப்பு உறைத் தம்பியின் தாளை எடுத்து முகாமையாளரிடம் கொண்டுபோனேன். நான் கொடுத்த புள்ளி நியாயமில்லை, அவனைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றேன். அவன் கேட்கவில்லையே என்றார் அவர். கேட்காதவர்களைத்தான் அழைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. வியாழக்கிழமை இருவருமே வந்தார்கள். தம்பி இணக்கக் கூற்றை வெண்பலகையில் எழுதிக் காட்டினான், காசோலைகளைக் கூட்டினான். இடம் ஒன்றுதான் என்பதால், அது இவர்கள் இருவருக்கும் இல்லாமல், முதல் நாள் வந்த இன்னொருவருக்குப் போயிற்று. அந்தத் தெரிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூவரையும் நலமாக இருந்த நாளில் பார்த்துத்தான் முடிவெடுத்தோம்.

மார்ச் மாதத்திலிருந்து எங்கள் அழைப்புக் கடிதத்தில் ஒரு பந்தி சேர்ந்திருக்கிறது. உடல்நலமின்மையால் வர இயலாதவர்கள், முதல் நாள் இரவானாலும், கீழுள்ள இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பி வேறொரு தினம் கேட்கலாம் என்பது அதன் உள்ளடக்கம். இலக்கம் என்னுடையது. மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று ஒருவர் ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தார். காய்ச்சலோடு கிடப்பவர் அந்தத் தாளுக்காக நகரத்துக்கு இறங்க வேண்டுமே, இறங்க முடிந்தால் இங்கேயே வந்துவிடுவாரே என்று வாதாடி அதை நீக்கச் செய்தேன்.

புதுவருடத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இஸ்தோப்பில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"அப்பிடி கேட்டா பேர வெட்டிற மாட்டாங்களா?"

"வெட்ட மாட்டோம்மா."

அவர் சிறிது நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.